ஜெபத்தில் நான் சொன்ன உன் ரகசியம்

இன்று காலை ஜெபக்கூட்டத்தில் ஒரு பெண் கண்களை மூடிக்கொண்டு, "பேர் சொல்லாத ஒரு சகோதரிக்காக, ஆண்டவரே" என்று தொடங்கினாள். எழுந்து வெளியே வந்து கோயில் சுவரோரம் நின்றேன். உனக்கு எழுதியாக வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. நீ வாசிக்கப் போவதில்லை. நீ இறந்து நான்கு மாதமாகிறது.

தென்காசியில் நாம் இருவரும் ஒரே பள்ளியில் டீச்சர்கள். மேலகரத்திலிருந்து தினமும் சேர்ந்தே நடந்து போவோம். உன் மகன் ஒன்றரை வயதில் காய்ச்சலில் போனபோது, பதினைந்தாம் நாளே நீ வேலைக்கு வந்தாய். அந்த ஞாயிறே ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதையும் சொன்னாய். சபையே உன் விசுவாசத்தை மெச்சியது. நானும் மெச்சினேன். கொஞ்சம் பொறாமையும் பட்டேன்.

அந்த வருஷச் சாரலில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்காது என்றுதான் அங்கே வைத்துச் சொன்னாய்போலும்.

"நான் ஜெபம் பண்ணி ஆறு மாசமாச்சுட்டி. முழங்கால் போடுதேன், ஒண்ணும் வரமாட்டேங்கு. பிள்ளைகளுக்குக் கதை சொல்லுதேன், எனக்கே பொய் சொல்லுத மாதிரி இருக்கு. யார்ட்டயும் சொல்லிராத."

"நான் சொல்லுவேனா?" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், குருவானவரின் மனைவி வீட்டில் பெண்கள் கூட்டம். நீ வர நேரமாகும் என்று சொல்லியிருந்தாய். எனக்கு முன்னால் ஜெபித்தவள் கண்ணீரோடு ஜெபித்தாள், எல்லோரும் உருகிப்போனார்கள். என் முறை வந்தபோது, அவளைவிட ஆழமாக ஜெபிக்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் எழுந்தது. அந்த ஆசையை நான் கண்டுகொண்டிருக்க வேண்டும். விழிப்பாயிருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான்தானே.

"பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்து, ஜெபிக்கவும் முடியாமல், வெறும் வாயால் பிள்ளைகளுக்குப் போதித்துக்கொண்டிருக்கிற எங்கள் சகோதரியை நினைத்தருளும்" என்றேன். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. யாரோ விசும்பினார்கள். அந்தச் சத்தம் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய், குடையைக்கூட மடக்காமல். என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாய்.

மறுவாரமே, "கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள்" என்று உன் ஓய்வுநாள் பள்ளி வகுப்பைச் சபையில் உன்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அதை என்னிடம் கொடுத்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கு நீ வேறு பாதையில் நடக்கத் தொடங்கினாய். உன் வீட்டுக்காரருக்குச் செங்கோட்டைக்கு மாற்றல் வந்ததும் போய்விட்டாய்.

இரண்டு வருஷம் கழித்துத்தான் உன்னைப் பார்க்க வந்தேன். கருப்பட்டிக் காப்பி போட்டுத் தந்தாய். நான் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். வாயில் வந்ததோ வேறு.

"உனக்காகத்தானே ஜெபம் பண்ணுனேன்."

நீ கோபப்படவில்லை. "ஆண்டவருக்கு அது முன்னாடியே தெரியும்லா. நீ யார்கிட்டச் சொன்ன?" என்று கேட்டாய்.

நீயே பேச்சை மாற்றினாய். "ஏட்டி, வகுப்புல கடைசி வரிசையில ஒருத்தி இருப்பாளே, திக்கித் திக்கிப் பேசுவா. அவள வாசிக்கச் சொல்லுதியா? நான் வாராவாரம் சொல்லுவேன். நேரமாகும், ஆனா வாசிச்சிருவா."

இரண்டு வருஷத்தில் ஒருநாளும் நான் அவளை வாசிக்கச் சொன்னதில்லை. அவள் திக்குவாள் என்பதே எனக்குத் தெரியாது. ஜெபம் வராமல் தவித்த நீ அந்தப் பிள்ளையைப் பார்த்திருந்தாய். வாய் ஓயாமல் ஜெபித்த என் கண்ணில் அவள் படவே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பொய் சொல்லிவிட்டு எழுந்தேன். நீ தெருமுனை வரை கூடவே வந்தாய்.

அடுத்த ஞாயிறு அவளை எழுப்பி ஒரு வசனம் வாசிக்கச் சொன்னேன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். அவள் முகமெல்லாம் சிவக்க, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துக் கடைசிவரை வாசித்து முடித்தாள். இதை உன்னிடம் சொல்ல வேண்டும், கூடவே கேட்காமல் வந்த மன்னிப்பையும் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்து, லீவு வரட்டும், மழை நிற்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். நீ போய்விட்டாய் என்று உன் வீட்டுக்காரர் எழுதிய கார்டுதான் முதலில் வந்தது.

இப்போது கூட்டங்களில் நான் சத்தமாக ஜெபிப்பதில்லை. என்னை அடக்கமானவள் என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் கூசிப்போகிறது. 'மன்னிச்சிரு' என்ற ஒரு சொல், உனக்கென்று வைத்திருந்தது, இன்னும் என் வாய்க்குள்ளேயே கிடக்கிறது.