துரியன் விற்கிற அப்பா எழுதுவது

குற்றாலம்,
ஆடி மாதம்.

அன்பு மகள் ஷெர்லினுக்கு,

கர்த்தர் கிருபையில இங்கன நானும் அம்மையும் சுகமா இருக்கோம், சாரல் காத்துக்கு அம்மையோட முட்டுவலிதான் கூடிட்டு, நீயும் மாப்பிள்ளை கிங்ஸ்லியும் ஈப்போவுல நல்லபடியா இருக்கீங்களா மக்கா. போன்ல எங்கிட்ட சாப்பிட்டீங்களாப்பான்னு கேட்ட கையோட அம்மைட்ட குடுங்கன்னுருத, அதான் பேனாவ எடுத்தேன். கடிதத்த பாதியில கட் பண்ண முடியாதுல்லா.

அருவியில தண்ணி நல்லா விழுது, நம்ம பழக்கடையில மங்குஸ்தான் வந்ததும் வித்துப் போயிருது, துரியனும் வந்துட்டு. அதக் கையில எடுத்தாலே போன சீசன் நெனப்புதான் வருது. பிள்ளை இல்லன்னு கடைக்கு வந்த புருஷன் பொண்டாட்டிக்கு, இதத் தின்னா பிள்ளை பிறக்கும்னு நான் துரியன் மகிமையச் சொல்லிக்கிட்டு இருக்கேன், லீவுக்கு ஊருக்கு வந்திருந்த நீ காபியக் கொண்டு வந்து குடுத்துட்டு, நான் கல்யாணமாகி மலேசியா போனதுல இருந்து திங்கேன், எனக்கு ஒண்ணும் நடக்கலியேன்னுட்ட. அவங்க பழத்த வச்சிட்டுப் போயிட்டாங்க. எனக்கு வந்துதே கோவம், குறை பழத்துல இல்லட்டீன்னு கடைத்தெரு பூரா கேக்கக் கத்திட்டேன். பழத்துல இல்லன்னா வேற எதுல? சொல்லாமச் சொல்லிட்டேன்லா பாவி. நீ மறுநாளே பெட்டியக் கட்டிட்ட. அம்மை ஏசுன ஏச்சு இன்னும் தீரல.

யோசிச்சுப் பாத்தா நீ சொன்னதுல என்ன தப்பு. துரியனுக்குப் பூர்வீகமே உங்க பக்கத்துக் காடுதான், வெள்ளைக்காரன் காலத்துல இங்கன கொண்டு வந்து வச்சாங்கன்னு சொல்லுவாங்க, நம்ம மலைச்சாரல் பிடிச்சுப்போயி வளந்துட்டு. பலாவ விடக் கூரான முள்ளு, பழுத்தா தானா விழும், வாடைக்கு பஸ்ல ஏத்த மாட்டான். அங்கன எல்லாரும் ருசிக்குத் திங்காங்க. நம்ம ஊர்லதான், யாரு ஆரம்பிச்சு வச்சதோ, பிள்ளை வரம் தரும் மருந்துன்னு ஏங்கி வாறவங்க கையில குடுக்கோம். மனசறிஞ்சு பொய் சொல்லல மக்கா, எங்கப்பா சொன்னாங்க, நானும் சொன்னேன். பிள்ளையோட திரும்பி வந்தவங்களப் பத்தி ஊரெல்லாம் பேசுனேன், வராதவங்களப் பத்தி நெனச்சுப் பாத்ததே இல்ல.

போன வாரம் வடகரையில இருந்து ஒரு பிள்ளை மாமியாரோட வந்தா, உன் வயசுதான் இருக்கும். அண்ணாச்சி, இதத் தின்னா நிச்சயமான்னு மாமியார் கேக்காவ, அந்தப் பிள்ளை தலைய நிமித்தவே இல்ல. எனக்கு ஆமான்னு சொல்ல நாக்கு வரல. ஆசைக்குச் சாப்பிடச் சொல்லுங்க, மத்ததுக்கு டாக்டர்ட்ட போங்க, மகனையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்கன்னேன். அந்தம்மா மொறச்சிட்டு அடுத்த கடைக்குப் போயிட்டாவ. அவன் ஆமான்னுதான் சொல்லி வித்திருப்பான்.

அவங்க வாங்காம விட்ட அந்தப் பழத்த வீட்டுக்குக் கொண்டு வந்து அறுத்துத் தின்னோம். இத்தன காலம் வித்தும் ருசிக்குன்னு ஒரு சுளை நான் வாயில வச்சதில்ல. நல்லாத்தான்ட்டி இருக்கு. அம்மை மூக்கப் பொத்திக்கிட்டே நல்லாத் தின்னா.

மழையில நனையாத, வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளைக்கு என் அன்பச் சொல்லு. கர்த்தர் உங்க ரெண்டு பேரையும் கைவிடாம நடத்துவார். பிள்ளை வந்தாலும் சரி வராட்டாலும் சரி, உங்கிட்ட ஒரு குறையும் இல்ல, அன்னைக்குக் கத்துன இதே வாயாலதான் சொல்லுதேன். பதில் போடு மக்கா. அம்மைக்கு இல்ல, எனக்கு.

உன் அப்பா,
அருமைநாயகம்