ரேகாவின் பேஸ் கிட்டாரில் வராத சத்தம்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
21.11.2010

அன்பு மகள் ரேகாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை ஸ்ரீதரும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறோம். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, துணி காயவில்லை என்று அம்மாவுக்கு ஒரே புலம்பல். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், படித்து முடித்தால் தெரியும்.

உன் பேஸ் கிட்டாரை சிதம்பரம் தமிழ்ச்செல்விக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தாய் அல்லவா, அந்தப் பெண் போன மாதம் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டாள். லேப்பில் வேலை, லீவு நாளில் கச்சேரி என்று சொன்னாள். பீரோ மேலிருந்து இறக்கி ஆம்ப்ளிஃபையரில் மாட்டினால் மூச்சு பேச்சு இல்லை. கிட்டாருக்குள்ளே பேட்டரி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நீ வயரைப் பிடுங்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போனதில் அது செத்தே போயிருக்கிறது, வயர் சொருகியிருந்தாலே பேட்டரி ஓடிக்கொண்டிருக்குமாம். நான் கடைக்குப் போய் அந்தச் சதுர பேட்டரி ஒன்று வாங்கி வந்தேன், அதற்குள் அவள் பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டுக் கையோடு கொண்டுவந்த புதுக் கம்பிகளைக் கட்டிவிட்டாள். பழைய கம்பியில் ஸ்லாப் வாசித்தால் மழுங்கலாக இருக்குமாம்.

ஸ்லாப் என்றால் என்னம்மா என்று கேட்டேன். நீ இத்தனை வருஷம் மாடி அறையில் அதைத்தான் வாசித்தாய், ஒரு நாளாவது கேட்டேனா பார். தடித்த கம்பியைக் கட்டைவிரல் எலும்பால் தட்டிவிட்டு, சுட்டது மாதிரி உடனே விரலை எடுத்துவிட வேண்டும், மெல்லிய கம்பியை ஆள்காட்டி விரலால் கொக்கி போட்டு இழுத்துவிட வேண்டும், கம்பி போய்க் கட்டையில் இருக்கிற உலோகப் பட்டையில் அடிக்கும், அந்த அடிதான் ஸ்லாப் என்று செய்து காட்டினாள். "டிக்குன்னு கேக்குதா அங்கிள்?" என்றாள். எனக்குத் தொம் தொம் என்றுதான் கேட்டது. "டிக்கு எங்கம்மா இருக்கு, வெறும் தொம்முதான" என்றேன். கம்பி உயரமாக இருக்கிறதோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்லில் மெஷின் பார்த்த கை சும்மா இருக்குமா, கம்பி உட்காருகிற இடத்தில் இருக்கிற ஸ்க்ரூவை அவள் சொல்லச் சொல்லத் திருகி இறக்கினேன். நடுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, அடிச் சத்தத்தையும் மேல் சத்தத்தையும் ஏற்றச் சொன்னாள். நான் அத்தோடு விடாமல் மேல் சத்தத்துக் குமிழைக் கடைசிவரை திருப்பினேன். அப்போதும் எனக்குத் தொம்தான், ஆனால் அடுப்படியிலிருந்து அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்து "ஏங்க, காது கிழிஞ்சிடும்போல இருக்கு, அதக் கொறைங்க" என்று கத்தினாள்.

தமிழ்ச்செல்வி என்னையே பார்த்தாள். பிறகு குமிழைக் குறைத்துவிட்டு, என்னை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னாள். நானும் நின்றேன், எப்போது வாசிப்பாள் என்று. திரும்பிப் பார்த்தால் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், அந்தப் பெண் மெல்லிய கம்பியைத் தொம் வராமல் இடது கையால் அமுக்கிக்கொண்டு, டிக் மட்டும் வரும்படி அத்தனை நேரமும் இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "அங்கிள், கிட்டாருல ஒண்ணும் கொறையில்ல" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது, சாப்பிடு என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். பாவம், அங்கிளுக்கு நன்றாகக் கேட்ட பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லி, கிட்டாரை வைத்துவிட்டே போயிருக்கிறாள்.

அம்மா விடவில்லை, சிதம்பரத்தில் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி அறையில் உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். தடித்த சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறதாம், மெல்லிசான சத்தம் போய்விட்டதாம், மில் இரைச்சலில் வருஷக்கணக்காக நின்றதால் வந்தது என்றார் டாக்டர். பெண் குரல், அதிலும் போனில் வருகிற குரல், வார்த்தை வார்த்தையாகப் புரியாது என்றார். வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் அம்மா அழுதாள். ஏன்டி என்றால், "ரேகா என்னாண்ட கேட்டா, நாங்களா கல்யாணம் பேசிக்கிட்டதுல அப்பாவுக்கு இன்னும் கோவம் போகலியாம்மா, ரெண்டு வார்த்த பேசுறதுக்குள்ள போன ஒங்கிட்ட குடுத்துடுறாரேன்னு. நானும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அம்மாடி, கோபமெல்லாம் உன் கல்யாணத்தன்றே போய்விட்டது. நீ பேசுவது கொழகொழவென்று கேட்கும், லைன் சரியில்லை என்று நினைத்தேன், திரும்பத் திரும்பக் கேட்டால் உனக்குச் சலிப்பாக இருக்குமே என்று சரிம்மா, சரிம்மா என்று சொல்லி அம்மா கையில் கொடுத்துவிடுவேன்.

இப்போது காதில் மெஷின் வைத்தாகிவிட்டது. முதல் இரண்டு நாள் ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் வீட்டுக்குள் வருகிற மாதிரி இருந்தது, இப்போது பரவாயில்லை. நேற்று தமிழ்ச்செல்வி வந்தாள், சாப்பிட வைத்துத்தான் வாசிக்கவிட்டேன். கட்டைவிரலால் தட்டினாள், அந்தத் தொம்முக்கு மேலே சல்லடைத் தகரத்தில் சின்னக் கல் தெறிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நானும் தட்டிப் பார்த்தேன், கட்டைவிரல் இன்னும் வீங்கியிருக்கிறது. இடது கையால் மற்றக் கம்பிகளை அமுக்கிவைக்காவிட்டால் எல்லாம் சேர்ந்து உளறுகிறது, அதெல்லாம் நீ எப்படிப் பழகினாய் என்று கேட்க வேண்டும். கிட்டாரை அவள் எடுத்துப் போய்விட்டாள், கிறிஸ்துமஸுக்குச் சிதம்பரத்தில் அவர்கள் கச்சேரி, நாங்கள் போகிறோம்.

குளிரில் வெறும் காலோடு நடக்காதே, இருமல் இருந்தால் அசட்டையாக விடாதே, மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். கர்த்தர் உங்கள் இருவருக்கும் துணையாக இருந்து நடத்துவாராக. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், நான்தான் எடுப்பேன். போன வருஷம் முழுக்க நீ என்ன சொன்னாய், நான் எதற்கெல்லாம் சரி என்றேன் என்று எனக்கே தெரியாது. பழைய சேதிதானே என்று நினைக்காமல் முதலிலிருந்து சொல்லம்மா.

உன் அன்பு அப்பா,
சி. ராஜவேல்