கியர் எண்ணெய்க்கு ஒரு கூலர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் இடது இமை மட்டும் தேனீ கொட்டி எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருக்கிறது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அதையும் நலத்தில்தான் சேர்க்க வேண்டும். நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கும் மனசுக்கும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், உன்னைத் தேற்றுவதற்குள் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துவிடும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அத்தை உனக்கு என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். வண்டி மலையில் நின்றுவிட்டது, தேனீ எல்லாம் செத்துப்போய்விட்டது, அண்ணனும் அண்ணியும் அநாதை மாதிரி நடுரோட்டில் கிடந்தார்கள் என்று சொல்லியிருப்பாள். நின்றது உண்மை, ரோட்டோரம் உட்கார்ந்திருந்ததும் உண்மை, எல்லாம் சாகவில்லை. முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

மலைமேல் பழத்தோட்டத்தில் பூ விடும் சமயத்தில் நம் தேன்பெட்டிகளை ட்ரெய்லரில் ஏற்றி வேனுக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவோம் இல்லையா, இந்த வருடம் தோட்டக்காரம்மா இன்னும் நிறையப் பெட்டி வேண்டும் என்று கேட்டதால் ட்ரெய்லரைப் பெரிதாக வாங்கினோம். ட்ரெய்லர்தான் பெரிதாயிற்று, வேன் அதே பழைய ஆட்டோமேட்டிக் வேன். வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடலாம் என்று இருட்டோடு கிளம்பினோம், பாதி மலையில் நான் மிதிக்க மிதிக்க இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கருகின வாடை வேறு. ஒதுக்கி நிறுத்தினேன், நின்ற இடத்தில் ஒரு மரம்கூட இல்லை. மூடின பெட்டிக்குள் தேனீ இருக்கும்போது வெயிலில் நின்றால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை, உள்ளே சூடு ஏறி மெழுகு அடையே இளகிவிடும். குடிக்க வைத்திருந்த தண்ணீர் அத்தனையையும் அப்பா பெட்டிகளின் வலைமேல் தெளித்தார். அதற்குள் பின்வரிசைப் பெட்டிகளிலிருந்து தேன் சொட்டுச் சொட்டாக ரோட்டில் வடிய ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் திடீரென்று எல்லாப் பெட்டியின் வாசலையும் திறந்துவிட்டார். சரியாகத்தான் செய்தார், திறக்காவிட்டால் மொத்தமும் போயிருக்கும். அப்புறம் பொழுது சாயும்வரை ரோட்டோரம் உட்கார்ந்து, தேனீ திரும்பி அடைந்ததும் வாசலை மூடி, வண்டியை மெதுவாகக் கீழே உருட்டிக்கொண்டு வந்தேன். பின்வரிசையில் இருந்த பெட்டிகள் போனது போனதுதான். வீட்டுக்கு வந்தும் அப்பா ட்ரெய்லர் பக்கமே போகவில்லை, அடை ஒட்டிய பலகைகளை நான்தான் சுரண்டிக் கழுவினேன்.

நம் வண்டியை எப்போதும் பார்க்கும் அந்த நெட்டை மெக்கானிக்கிடம் மறுநாளே கொண்டுபோனேன். அவன் கியர் எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்த்தான், சிவப்பாக இருக்கவேண்டியது கஷாயம் மாதிரி இருந்தது. "கியர்பாக்ஸ் இன்னும் போகலக்கா, எண்ணெய்தான் வெந்துபோச்சு, மாத்திடலாம். ஆனா இந்த லோடோட இன்னொரு தடவை ஏத்துனீங்கன்னா பாக்ஸும் போயிடும்" என்றான். என்னதான் வழி என்று கேட்டேன். வண்டியோடு வருகிற ஏற்பாட்டில் கியர் எண்ணெய் ரேடியேட்டருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி ஆறுகிறது, சாதாரண ஓட்டத்துக்கு அது போதும், மலையில் பாரம் இழுக்கிறதுக்குப் போதாது, தனியாக ஒரு கூலர் வாங்கி முன்னால் மாட்டிவிட்டால் தாங்கும் என்றான். மாட்டிக் கொடு தம்பி என்றால் அவன் கொட்டகையில் நிற்க இடமில்லாமல் வண்டிகள், எங்கள் முறை வருவதற்குள் மேலே பூ உதிர்ந்துவிடும். "நானே மாட்டிக்கறேன், எப்படின்னு மட்டும் சொல்லு" என்றேன். அவன் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை, நம் வீட்டில் அப்பாவுக்குத் தேனீ எனக்கு வண்டி என்பது அவனுக்குத் தெரியும், பெல்ட்டும் பிரேக்கும் நான் மாற்றினதைச் சரிபார்த்தவனே அவன்தான். எண்ணெயை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு, செய்யவேண்டியதை வாயாலேயே சொல்லி அனுப்பினான்.

கூலர் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை, உன் பழைய ஸ்லேட்டு அகலத்துக்கு ஒரு குட்டி ரேடியேட்டர், அவ்வளவுதான். அதை ரேடியேட்டருக்கு முன்னால் காற்று நேராக அடிக்கிற இடத்தில் வைக்கவேண்டும். கூலரோடு நான்கு பிளாஸ்டிக் குச்சி கொடுத்திருந்தார்கள், அதை ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவில் குத்திக் கூலரைத் தொங்கவிடலாமாம். அப்பா அதைத்தான் எடுத்துக்கொண்டு வந்தார், வேலை சீக்கிரம் முடியும் என்று. மெக்கானிக் அதை மட்டும் செய்யாதீர்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தான், வண்டி அதிர அதிர அந்தக் குச்சி தகட்டை அறுத்து ரேடியேட்டரையே ஒழுக வைத்துவிடுமாம். அதனால் பழைய பெட்டி ஸ்டாண்டின் இரும்புப் பட்டையை அறுத்து, வளைத்து, துளை போட்டு, நானே தாங்கி செய்து போல்ட் போட்டு முடுக்கினேன். உள்ளங்கையில் ஒரு கொப்புளம், இப்போது காய்ந்துவிட்டது.

அடுத்ததுதான் வேடிக்கை. ரேடியேட்டரில் வந்து சேரும் இரண்டு குழாயில் ஒன்று சூடான எண்ணெயைக் கொண்டுவரும், மற்றது ஆறின எண்ணெயைத் திருப்பிக் கொண்டுபோகும். கூலரைத் திரும்பிப் போகிற குழாயில்தான் சேர்க்கவேண்டும், அப்போதுதான் ரேடியேட்டரில் ஆறியும் ஆறாமலும் வருகிற எண்ணெய் கூலரில் நன்றாக ஆறிக் கியர்பாக்ஸுக்குப் போகும். எது எந்தக் குழாய் என்று பார்ப்பதற்காக ஒன்றைக் கழற்றி, அதன் வாயைப் பாட்டிலுக்குள் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு நொடி ஸ்டார்ட் செய்து அணைக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பாட்டிலை ஒரு கையிலும் குழாயை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, சரி என்றார். நான் சாவியைத் திருப்பினேன். எண்ணெய் முழுவதும் அவர் சட்டைக் கைக்குள் போய் அக்குள் வரைக்கும் நனைத்துவிட்டது. "இதுதான் வர்ற குழாய், சந்தேகமே வேணாம்" என்றார். வண்டி நின்ற நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்து நான் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து ரப்பர் ஹோஸைக் கூலரில் சொருகி கிளிப்பை முடுக்கிக்கொண்டிருக்கிறேன், அப்பா கையைத் துடைத்துக்கொண்டே, "நான் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், எல்லாத்தையும் வித்துட்டு அங்கயே வந்துடறோம்னு" என்றார்.

எனக்குத் தெரியாது மகளே. நீ வந்துவிடச் சொல்லிக் கேட்டதும் தெரியாது, அவர் சரி என்றதும் தெரியாது. கிளிப்பை முடுக்கிக்கொண்டே இருந்தேன், அப்புறம் பார்த்தால் கிளிப் ரப்பரைக் கடித்து ஹோஸ் அறுந்திருக்கிறது. அறுந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, எதற்காக அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "அந்தத் தேன் ரோட்டுல வடிஞ்சதைப் பாத்ததும் எனக்கு மனசு விட்டுப்போச்சு. அதுங்கள வளத்து, நானே கொண்டுபோய் வெயில்ல வெச்சுக் கொன்ன மாதிரி இருக்கு. இனிமே பெட்டியத் திறக்கவே கை வராது" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை, அவர் அம்மா போனபோதுகூட. அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை, உன்மேல் கொஞ்ச நேரம் கோபமாக இருந்தேன், அதுவும் நிற்கவில்லை, தூரத்தில் இருக்கிற பிள்ளை வேறு என்னதான் கேட்கும். கடைசியில் நான் சொன்னது இதுதான்: "இதை மாட்டி முடிப்போம். ஒரே ஒரு தடவை மேலே போவோம். வண்டி ஏறலைன்னா நானே டிக்கெட் எடுக்கறேன், ஏறிட்டா அப்புறம் பேசிக்கலாம்." சரி என்றார், நம்பிக்கையோடு சொல்லவில்லை, வாதாடத் தெம்பில்லாமல் சொன்னார்.

மாட்டி முடித்தேன். ஹோஸ் எங்கேயும் கூர்மையில் உரசாமல், விசிறிப் பக்கம் போகாமல் கட்டி, இன்ஜின் ஓடும்போதே கியரை ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சுற்றுக் கொண்டுபோய் வந்து அளவுக்கம்பியில் எண்ணெய் பார்த்து, குறைந்ததை ஊற்றினேன். டாஷ்போர்டில் கியர் எண்ணெயின் சூட்டைக் காட்ட ஒரு மீட்டரும் ஒட்டினேன். வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டை விரித்து வைத்ததில் ஒரே ஒரு சொட்டு விழுந்திருந்தது, எங்கிருந்து என்று சொல்ல வேண்டுமா, நான் கோபத்தில் அறுத்து மறுபடி சொருகின அதே இடம்தான். அதையும் சரிசெய்து, காலி வண்டியைத் தெருவில் ஓட்டி, பிறகு காலி ட்ரெய்லரோடு ஓட்டி, அட்டை சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பெட்டி ஏற்றினோம். இந்தத் தடவை பாதிப் பெட்டிதான், இரண்டு லோடாகப் போவதென்று.

மலையில் பாதி தூரம் மீட்டர் முள் அசையவே இல்லை, எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம் ஒரு சிமென்ட் லாரி முன்னால் மாட்டிக்கொண்டது. முந்த இடமில்லை, ஆள் நடக்கிற வேகத்தில் அது ஊர்கிறது, நாங்களும் ஊர்கிறோம், மெதுவாகப் போகப்போகக் காற்று அடிக்காது, சூடு ஏறத்தானே செய்யும். முள் நகர ஆரம்பித்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு, ஏறுது, இன்னும் ஏறுது என்று வாசித்துக்கொண்டே வந்தார். வாசிக்காமல் வாருங்கள் என்றேன். "முடியல, கண்ணு அங்கதான் போகுது" என்றவர், கையை நீட்டி மீட்டரையே உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "நீ ரோட்டப் பாரு" என்றார். தாழ்ந்த கியரில் வைத்து, மிதியை விரலால் தொடுகிற மாதிரி தொட்டுக்கொண்டு போனேன். முதல் தடவை நாங்கள் நின்ற வளைவும் அந்த லாரிக்குப் பின்னாலேயே கடந்துபோயிற்று. ஓர் அகலமான இடத்தில் லாரிக்காரர் கையைக் காட்டி வழிவிட்டார். கொஞ்ச தூரம் காற்றில் போனதும் அப்பா ஒவ்வொரு விரலாக எடுத்துப் பார்த்தார். முள் இறங்கியிருந்தது. சிவப்புக் கோட்டை அது தொடவே இல்லை.

தோட்டத்தில் பெட்டிகளை இறக்கி வைத்ததும் வாசலைத் திறக்க அப்பா தயங்கினார். நான் வேண்டுமென்றே திறக்கவில்லை, வண்டிப் பக்கம் போய் அடியில் ஒழுகுகிறதா என்று பார்ப்பது போல் குனிந்துகொண்டேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் தேனீக்களின் அந்த இரைச்சல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் முகமூடிகூடப் போடாமல் நடுவில் நிற்கிறார், இமையில் அப்போது வாங்கினதுதான் அந்தக் கொட்டு. தேனீ பூவுக்குப் போய்த் திரும்ப ஆரம்பித்ததும் என் பக்கம் வந்தார். உன்னைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். "அடுத்த லோடு நாளைக்கே கொண்டாந்துடலாமா" என்றார். கொண்டுவந்துவிட்டோம், அதுவும் முணுமுணுக்காமல் ஏறியது. உன்னிடம் சொல்லத் தனக்குத் தைரியம் இல்லை என்று, எழுதுகிற வேலையை என்னிடம் தள்ளிவிட்டார், அதனால் நான் எழுதுகிறேன்: நாங்கள் அங்கே குடியேற வரவில்லை. உன்மேல் பாசம் குறைந்தோ உன் வீட்டில் குறை கண்டோ இல்லை, எங்களுக்கு இங்கே இன்னும் வேலை இருக்கிறது, அதைச் செய்யத் தெம்பும் இருக்கிறது. தெம்பு இல்லாத நாள் வந்தால் நீ கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன், நானே சொல்வேன், என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

உன் இருமல் எப்படி இருக்கிறது, ராத்திரி ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்காதே. மாப்பிள்ளையின் காரிலும் எல்லா எண்ணெயையும் ஒரு தடவை பார்க்கச் சொல், எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகு பார்ப்பது பார்ப்பதில் சேராது. வேலைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. எங்களுக்காக மாடி அறைக்குப் பெயின்ட் அடித்துவிட்டாய் என்று அத்தை சொன்னாள். அந்த அறையைக் கலைக்காதே, வேறு யாருக்கும் கொடுக்காதே. தேன் எடுத்து முடித்ததும் இரண்டு பேரும் வருகிறோம், வந்து ஒரு மாதம் உன் கையால் சாப்பிட்டுவிட்டு, ஊரெல்லாம் சுற்றிவிட்டு, நீ போதும் போதும் என்று சொன்னபிறகு திரும்புவோம். இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடும் குறைவில்லாத சிரிப்போடும் இருங்கள். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், நல்ல கண்ணால் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு, அவள் கோபித்துக்கொள்வாளா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறார், கடிதம் கிடைத்ததும் முதலில் அவரைக் கூப்பிடு.

என்றும் உன்
அம்மா