சாக்கில் வந்த உடும்பு

6.11.95, திங்கள்

விடியலிலிருந்து தூறல். துணி காயவில்லை. சிறுவாணித் தண்ணீர் இன்றும் வரவில்லை.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி. விலங்கியல் என் தலையில். தலைப்பு: உலகப் பல்லிகளும் அவற்றின் வாழிடங்களும். ஏழு சார்ட். எனக்கு ஸ்கேல் வைத்தாலும் கோடு நேராக வராது. வரையப்போவது வீட்டுக்காரர்தான். மில்லுக்குப் போகாமலிருந்தால் பேனர் ஆர்ட்டிஸ்ட் ஆகியிருப்பார்.

ஷிப்ட் முடிந்து வரும்போதே மூச்சு வாங்கியது. சைக்கிளைச் சாத்திவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். புருவம், காதுமடல் எல்லாம் பஞ்சு.

"நெஞ்சு மேல அம்மிக்கல்ல வெச்சாப்ல இருக்குது அம்மணி."

சுக்குக் காப்பி, தைலம். சளி என்கிறார். ஆடியிலிருந்து அதே சளி.

8.11, புதன்

சார்ட் 1: கொமோடோ டிராகன். இந்தோனேசியத் தீவுகள், காய்ந்த புல்வெளி. ஆளைவிட நீளம். நாக்குக்கு மஞ்சள் கேட்டார். சமையல் மஞ்சளையே குழைத்துக் கொடுத்தேன்.

சார்ட் 2: கடல் ஓணான். கலாபகஸ் தீவுகளின் பாறைக்கரை. பாசி மேயும். உடம்பில் சேரும் உப்பை மூக்கால் தும்மி வெளியேற்றும். இதைச் சொன்னதும் பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"அதுக்காச்சும் தும்முனா வெளிய வந்துருது."

பழனிச்சாமி வந்தார். இவரோடு புளோ ரூமில் இருப்பவர்; பொதி பிரித்து மெஷினில் பஞ்சு போடும் வேலை. படங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், உடும்பு இல்லீங்ளா இதுல?"

"இருக்குதுங்க. கடைசி சார்ட்."

"அதும்பட ரத்தத்தச் சூடு ஆறாமக் குடிச்சாப் போதுமுங்க. நெஞ்சுல இருக்கறது பூராக் கழண்டு போயிரும். காங்கேயத்துப் பக்கம் எம்மாமனாரு ஊர்ல சொன்னாப் புடிச்சுத் தருவாங்க."

அது மருந்தில்லை, பிடித்தால் ஜெயில் என்றேன். பழனிச்சாமி சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

11.11, சனி

சாக்கு வந்துவிட்டது, உள்ளே உடும்பு. நான் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் விறகுப் பக்கம் வைத்திருக்கிறார்கள். முன்னங்கால்களை முதுகுக்கு மேல் முறுக்கி நைலான் கயிற்றால் கட்டு. கண் சிமிட்டுகிறது. நாக்கு வெளியே வந்து போகிறது. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். தொடவில்லை.

காலையில்தான் சார்ட்டுக்கு எழுதியிருந்தேன்: உடும்பு. கரடு, பாறை இடுக்கு, கரையான் புற்று, மரப்பொந்து. விறகுக்கும் கரி மூட்டைக்கும் நடுவில் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அவரிடம் சண்டை போட்டேன். கத்தவில்லை அவர்.

"எனக்கு மட்டும் ஆசையா? நம்ம புளோ ரூம்ல ஆறுமுகம் போன ஆடியில போயிட்டான். என்ற வயசு. கடைசி மாசம் படுக்கவே முடியல அவனுக்கு, சொவுத்துல சாஞ்சே தூங்குனான். நீ பாக்கல. நான் பாத்தேன்."

பயந்துபோயிருக்கிறார். இத்தனை நாளாக.

12.11, ஞாயிறு

காலையில் முடிந்துவிட்டது. நான் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டேன். டம்ளரைக் கழுவி வைத்தது பழனிச்சாமி. அந்த டம்ளரைத் தூக்கிப் போட வேண்டும்.

மாலை அவர் போத்தனூர் ரயில் பாலம் வரை நடந்தார். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. திரும்பி வந்து வயிறாரச் சாப்பிட்டார். சார்ட் 3-க்கு வர்ணம்: ஆஸ்திரேலியப் பாலைவனத்து முள்பல்லி. தோலில் பட்ட பனி அதன் வாய்க்கு ஓடுமாம். விசில் அடித்துக்கொண்டே தீட்டினார்.

நானும் நம்பினேன். விலங்கியல் படித்த நானும்.

13.11, திங்கள்

மதியம் பள்ளிக்கே ஆள் வந்தது. மில்லிலிருந்து இரண்டு பேர் கைத்தாங்கலாக டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். உதடு கறுத்திருந்தது. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "எந்த செக்‌ஷன்?" என்றார்.

"புளோ ரூமுங்க."

"திங்கக்கிழமைன்னா ஜாஸ்தியா இருக்குமே? ஞாயித்துக்கிழமை நல்லா இருந்திருப்பாரே?"

எல்லா ஞாயிறும் அவருக்கு நல்ல ஞாயிறுதான். ரத்தமில்லாத ஞாயிறுகளும்.

"பஞ்சுத்தூசிம்மா. ஒரு நாள் லீவு உட்டுட்டு மறுபடி உள்ள போறப்ப இப்படி இறுக்கும். போகப்போக எல்லா நாளும் திங்கக்கிழமை ஆயிரும். அந்த ரூம விட்டு வெளிய வரச் சொல்லுங்க."

16.11, வியாழன்

அரை நாள் லீவு. மில் ஆபீசுக்கு நானே போனேன். வேறு இடத்துக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். ஆபீசர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"மாத்தறதுக்கு எடமில்லீங்ம்மா. முடியலீன்னா எழுதிக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. கேட்டுக்கு வெளிய எத்தன பேர் நிக்கிறாங்கன்னு பாத்தீங்களா?"

பார்த்தேன். வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். சின்னப் பையன்கள்.

போனதை அவரிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

20.11, திங்கள்

தூக்குப்போசியோடு கிளம்பினார். தடுக்கவில்லை நான். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. பள்ளிக்குப் புடவை மாற்றிக்கொண்டிருக்கும்போதே சைக்கிள் சத்தம்.

"வேலை வேண்டாம்னு கேட்டுலயே எழுதிக் குடுத்துப்போட்டேன்."

பாதி கட்டிய புடவையோடு வாசலுக்கு வந்தேன்.

"கேட்டு வரைக்கும் போனேன். மெஷின் சத்தம் கேட்டுச்சு. கால் அதுக்கு மேல வர்ல."

தூக்குப்போசியைத் திறந்து வாசலிலேயே இருவரும் சாப்பிட்டோம். பள்ளிக்கு லேட். திட்டு.

இனி என் சம்பளம் மட்டும். பிள்ளை குட்டி இல்லையே, இரண்டு பேர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

17.12, ஞாயிறு

கண்காட்சி முடிந்தது. உடும்பு சார்ட்டை மட்டும் அவர் வரைய மாட்டேன் என்றுவிட்டார். ஒரு பிள்ளை வரைந்தாள். நாய் மாதிரி இருந்தது.

அவர் கடைகளுக்கு போர்டு எழுதுகிறார். ஏணி ஏறுகிறார். இருமல் பாதிகூட இல்லை. மீதி போகாது என்கிறார் டாக்டர். எங்கள் லைன் வீடுகளில் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள்.

மாலை பழனிச்சாமியின் மனைவி வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. இவர் விட்ட வேலையையும் பழனிச்சாமியே பார்க்கிறாராம், டபுள் ஷிப்ட். நேற்றிலிருந்து படுக்க முடியவில்லையாம்.

"உங்கூட்டுக்காரருக்கு அந்த ரத்தம் நல்லாக் கேட்டுருச்சுங்களே டீச்சர். எங்கூட்டுக்காரருக்கும் சொல்லி வெச்சிருக்கறமுங்க. நம்ம லைன்லயே நாலஞ்சு ஊட்டுல கேக்கறாங்க."

ரத்தமில்லை என்றேன். அவர் வேலையை விட்டதால்தான் என்றேன். அந்தப் பஞ்சுதான் கொல்லுகிறது, பழனிச்சாமியையும் வெளியே வரச் சொல் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"நீங்க டீச்சருங்க. எங்களுக்குப் பஞ்சுலதானுங்க சோறு."