மேல்தட்டு பீர்

அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று தெரியும்.

"வெளிநாட்டு பீர் தேனாட்டம் இருக்குமேடா" என்று போனில் சப்புக்கொட்டினீர்கள். நான் வேலை செய்யும் பாரில் இந்த ஊர் பீர் கழுநீர் மாதிரி இருக்கிறது. நம் நாட்டு பீர்தான் இங்கே வெளிநாட்டுச் சரக்கு. மேல்தட்டில் வைத்து விற்கிறார்கள். நேற்று முதலாளி அதில் ஒரு கிளாஸ் ஊற்றி, "குடிச்சுப் பாத்துச் சொல்லுப்பா" என்றார். மூக்கருகே கொண்டுபோனதும் உங்கள் வாடை. கை தானாக முகத்தை மறைத்தது. "யாராச்சும் அடிக்க வர்றாங்களா?" என்று சிரித்தார்.

இங்கே குளிர், என் பழைய போர்வையை அம்மாவை அனுப்பச் சொல்லுங்கள். கூட்டம் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

நீங்கள் உடைத்த அம்மாவின் மூக்குக்கண்ணாடிக்குப் பதில் புதிது வாங்கிக் கொடுங்கள். தவறி விழுந்து உடைந்தது என்று கடையில் இந்த முறையும் அம்மாவையே சொல்ல வைக்காதீர்கள்.

உங்கள் மகன்