நாறிய சிப்பியும் கப்பல் கம்பெனிப் பங்கும்

மச்சான்,

இன்று காலை கீழக்கரைக் கரையில் முத்துச்சிப்பியைக் குவித்து அழுகப் போட்டிருந்தார்கள். நாற்றம் தெரு வரைக்கும் வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு மட்டும் கோபம் வந்தது. சிப்பி மேல் என்ன கோபம்? உன் மேல்தான்.

மூடிய சிப்பியை ஏலத்தில் எடுப்போம். உள்ளே முத்து உண்டா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அழுகிப் புழு நெளிந்த பிறகே கழுவித் தேடுவோம். பக்கத்து வீட்டார் ஏசினால் நீ சிரிப்பாய்: "நாறட்டும்லா, நாறினாத்தானே முத்து!" அதே புத்தியைப் பங்குக் காகிதத்திலும் வைத்தாயே!

மதுரையிலிருந்து வந்த அந்தக் கோட்டுக்கார ஏஜெண்டை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். உச்சிவெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டான். "உள்ள சட்டை இல்லையோ?" என்று நான் கேட்டதற்கு டீக்கடையே சிரித்தது. கொழும்புக்குக் கப்பல் விடப்போகும் கம்பெனியாம்; பங்கு ஒன்று எட்டணாவாம். எட்டணாவுக்குக் கப்பல் முதலாளி ஆகலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? நானும் இரண்டு வாங்கி, "கப்பல்ல ஒரு ஆணியாச்சும் எனக்குச் சொந்தம்" என்று பீற்றிக்கொண்டேன். ஒரே மாதத்தில் எட்டணா இரண்டு ரூபாயானது. நீ சொந்த வள்ளத்தை விற்றுப் பங்கு வாங்கினாய்.

விலையை ஏற்றியது யார்? அவன் கூட்டமேதான். அயோக்கியர்கள் தங்களுக்குள் வாங்கி வாங்கி ஏற்றிவிட்டு, உச்சத்தில் எல்லாவற்றையும் நம் தலையில் கட்டிவிட்டு நழுவினார்கள். கப்பலுக்கென்று ஒரு பலகைகூட அறுக்கவில்லை.

விலை ஒரு ரூபாய்க்கு இறங்கிய அன்று டீக்கடைக்கு வந்தாய். "ஏலே, வித்துரட்டுமா? பாதியாச்சும் தேறும்" என்றாய். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏன் மச்சான், இன்னும் புழு வைக்கலையே, நாறட்டும்!" என்றேன். கடையே சிரித்தது. நீயும் சிரித்தாய். அன்று சாயங்காலமே என் கூடப்பிறந்த லாத்தாவின் காப்பைக் கழற்றி விற்று இன்னும் வாங்கினாய். அப்புறம் நாலணாவுக்கும் கேட்க ஆளில்லை.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்கு மூழ்கப் போனாய். முக்குளிப்பவனின் கயிற்றை மைத்துனன்தான் பிடிக்க வேண்டும் என்பது நம் கடலின் வழக்கம். நானும் கூட வந்தேன். கீழிருந்து நீ கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் அடுத்த மூச்சில் இழுத்துவிடுவேன். ஒருநாளும் தப்பியதில்லை. கடைசி நாளும் இழுத்தேன்; காதிலும் மூக்கிலும் ரத்தத்தோடு வந்தாய். அந்த வாரமே மௌத்தாகி மண்ணுக்குள் போனாய்.

இன்று அதே டீக்கடையில் புதிதாக ஒரு ஏஜெண்ட். இவனுக்குக் கோட்டு இல்லை, நாக்கு அதேதான். "பங்கு விலை இறங்கிக் கிடக்கு பாய், வாங்க இதுதான் நேரம்." உன்னோடு மூழ்கிய ஒருவன் மடியை அவிழ்த்துக்கொண்டே, அண்ணனிடம் கேட்பதுபோல் என்னைப் பார்த்தான். "என்ன காக்கா, வாங்கட்டா?"

நான் கேலி பேசுவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அன்று "வித்துரட்டுமா" என்று கேட்டாயே, அதுவும் கயிற்றைச் சுண்டியதுதான், மச்சான். கரையில் இருந்ததால் எனக்குத் தெரியாமல் போனது.

மடியை அவிழ்த்தவனின் மணிக்கட்டைப் பிடித்தேன். ஏஜெண்ட் பஸ் ஏறும்வரை விடவில்லை.