கிணற்று முறை சொன்ன கம்ப்யூட்டர்

அக்கா,

இன்று காலை உன் மகள் அனுப்பிய பெட்டி வந்தது. பிரித்தேன். தெர்மோகோல் கிறீச்சிட்டது, புது பிளாஸ்டிக் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. உள்ளே ஒரு மடிக்கணினி. "பழச மொதல்ல தூக்கிப் போடுங்க மாமா" என்று போனில் உத்தரவு. இந்த வயதில் எனக்கெதற்கு என்று கேட்டால் அதன் மூளை, வேகம், ஞாபகசக்தி என்று அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிறாள். அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. குரலுக்கு மட்டும் இன்னும் பதின்மூன்று வயதுதான். போனை வைத்துவிட்டு அந்த வாசனையோடு உட்கார்ந்திருந்தேன். நீ போய் எத்தனையோ வருஷமாயிற்று. ஆனாலும் சட்டென்று எதிரே வந்து நின்றாய்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவள் ஏதோ பத்திரிகையில் ஒரு கட்டுரையைப் படித்தாள். அவ்வளவுதான், கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்க்காமல் காலண்டர் தாளின் பின்பக்கமெல்லாம் கட்டளைகளாக எழுதித் தள்ளினாள். எழுதியதை ஓட்டிப் பார்க்க மிஷின் வேண்டுமே? மூவுலகும் போற்றும் நான் இருந்தேனே! சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்து உன் வீட்டுப் படியில் கால் வைத்ததும் என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாள்.

"மாமா, இப்ப நீங்கதான் கம்ப்யூட்டரு. நாஞ் சொல்றத மட்டும் செய்யோணும். சொந்தமா யோசிக்கப்படாது."

"அதுக்கு உன்ற மாமன உட்டா இந்த ஜில்லாவுலயே ஆளு கெடைக்காது சாமி" என்று அடுப்படியிலிருந்து நீ குரல் கொடுத்தாய். அன்று நான் மூன்று கூட்டல்களைச் சரியாகச் சொல்லி நான்காவதைத் தப்பாகச் சொன்னேன். மிஷின் ரிப்பேர் என்று தலையில் ஒரு குட்டும் வாங்கினேன்.

பிறகு அவள் பெரியவளானாள். தாய்மாமன் சீர் வைக்க வேண்டும். மச்சான் மனதில் தங்கச் சங்கிலி. நீதான் என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் இழுத்துப் போய், "சங்கிலி வேண்டாந்தம்பி. அவ கேக்கறதயே வாங்கிக் குடு. உன்ற மச்சான நான் பாத்துக்கறேன்" என்றாய். திக்விஜயம் புறப்பட்ட சக்கரவர்த்தி போல மெட்ராஸ் போனேன். டைப்ரைட்டரின் கைக்குழந்தை மாதிரி ஒரு கம்ப்யூட்டரோடு திரும்பினேன். டிவியில் செருகினால் திரையில் எழுத்து வரும். டேப் ரிக்கார்டரில் செருகினால் எழுதியதைக் கேசட்டில் பதியலாம்.

மச்சான் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சபையில வெச்சு உருப்படியா ஒரு வேல செஞ்சு காட்டோணுங்க மாப்ள. இல்லீன்னா அத நீங்களே எடுத்துட்டுப் போயிட்டு, சங்கிலியப் போட்டுருங்க."

உன் மகள் அதற்கு எடுத்துக்கொண்டது சாதாரண வேலையில்லை. உங்கள் கிணற்றுக்கு நான்கு பங்காளிகள், ஆளுக்கு ஒரு நாள் மோட்டார். அமாவாசையன்று யாரும் போடுவதில்லை. கரண்ட் இல்லாத நாள் கணக்கில் சேராது. இன்றைக்கு யார் முறை என்று அங்கே நடந்த யுத்தங்களைப் பார்த்தால் உலக மகா யுத்தமெல்லாம் கோழிச்சண்டை. அந்த முறையைக் கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும்! லீவில் சேலத்துக்கு வந்து, என் வீட்டில் சோறு தண்ணி மறந்து தட்டினாள். தட்டியதை என்னுடைய முருகன் பாட்டுக் கேசட்டின் மேலேயே பதிந்துகொண்டாள்.

சீர் ஊர்வலம் நினைவிருக்கிறதா? தேங்காய்த் தட்டு, பழத்தட்டு, பட்டுப்புடவை. கடைசித் தட்டில் சந்தனம் குங்குமம் இட்டுக்கொண்டு, பெண் பார்க்க வருபவர்களுக்குக் காத்திருப்பது போலக் கம்ப்யூட்டர். அதன் பின்னால் இரண்டு பேர் சுமந்து வந்த என்னுடைய மரக்கதவு டிவி. வாசலில் தட்டுகளை வைத்ததுதான் தாமதம், ரேடியோ செட்டுக்காரர் கேசட்டின் மேலிருந்த முருகன் படத்தைக் கண்டார். பக்தியோடு எடுத்துப் போட்டுவிட்டார்.

தென்னை மரத்துக் குழாய் ஸ்பீக்கரில் கிளம்பிய அந்தச் சத்தம் இருக்கிறதே! 'கீ...ங்' என்று தொடங்கி, 'கர்ர்ர்' என்று ஆயிரம் தகரத்தைச் சேர்த்துச் சுரண்டியது போல வந்தது. ஓமலூரில் பால் திரிந்தது. கொல்லிமலைக் குரங்குகள் மூட்டை கட்டின.

"கெடா வெட்டு நாளைக்குத்தானுங்களே?" என்றார் ஒரு பெரியவர்.

"முருகன் பாட்டுத்தானுங்க, மேல படம் போட்டிருக்குது!" என்று செட்டுக்காரர் சத்தியம் செய்தார்.

மாலையும் கழுத்துமாக உன் மகள் பாய்ந்தாள். "ஐயோ, நிறுத்துங்க! அது என்ற புரோகிராமுங்க!"

அந்தச் சத்தத்துக்கு அழைக்காதவர்களும் ஓடி வந்துவிட்டார்கள். அத்தனை பேர் நடுவில் டிவியின் மரக்கதவைத் திறந்தாள். முறைப்படி கேசட்டை ஓட்டினாள். எழுத்து வந்தது. கரண்ட் இல்லாத நாட்களைக் கேட்டது. அவள் படித்துச் சொல்ல, ஊரே போட்டி போட்டுக் கத்தியது.

"செவ்வாக்கெழம இல்லீங்க!"

"வெள்ளி மத்தியானத்துக்கு மேலதான் வந்துச்சு. அத அரை நாளுன்னு போடு கண்ணு!"

அவள் கடைசிப் பொத்தானை அமுக்கினாள். திரையில் நான்கு பங்காளிகளில் ஒருவர் பெயர் வந்தது. மேலக்காட்டுப் பெரியப்பா.

எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் காட்டுப்பக்கம் திரும்பியது. அங்கே மச்சானின் மோட்டார் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. அன்று தன் முறை என்று விடிந்ததும் போட்டுவிட்டிருந்தார்.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று பெரியப்பா துள்ளினார். "காத்தாலருந்து தொண்டத் தண்ணி வத்தச் சொன்னனே!"

மச்சான் மகள் பக்கம் குனிந்தார். "சாமி, அந்தப் பேரக் கொஞ்சம் மாத்த முடியுமா?"

"மாத்தலாமுங்கப்பா. மாத்துனா அப்புறம் அது கம்ப்யூட்டர் இல்லீங்க, நம்மூட்டு ஆளு."

சபை வெடித்துச் சிரித்தது. மச்சான் முகம் கருத்தது. "எடுத்துட்டுப் போங்க மாப்ள" என்று வயரைப் பிடுங்கக் கை நீட்டினார். அவள் அழவில்லை. குஞ்சுகளை மூடும் கோழி போல இரண்டு கைகளாலும் அந்தப் பொத்தான்களை மூடிக்கொண்டாள்.

நீ ஆரத்தித் தட்டைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாய். பட்டுப்புடவையோடு தண்ணீர் பாய்ந்த வயலில் இறங்கி நடந்தாய். மோட்டார் ரூமுக்குள் போனாய். மோட்டார் நின்றது. வாய்க்காலில் தண்ணீர் அடங்குவது வாசல்வரை கேட்டது. முழங்கால் சேற்றோடு திரும்பி வந்தாய்.

"ஏனுங்க, தண்ணி அவீங்களுது. மிஷினு நம்மளுது. பந்தி போடச் சொல்லுங்க."

மச்சான் கை தானாக இறங்கியது. பந்தியில் மேலக்காட்டுப் பெரியப்பாவுக்குத் தன் கையாலேயே பாயசம் ஊற்றினார். மறுநாள் காலை பல்குச்சியோடு டிவி முன்னால் வந்து நின்று, "நாளைக்கு ஆருன்னு கேளு சாமி" என்றாராம். சங்கிலிப் பேச்சு அதோடு முடிந்தது. அவள் கோயமுத்தூரில் கம்ப்யூட்டரே படித்தாள், அந்த வேலைக்கே கடல் தாண்டினாள். எந்தப் பெரிய மனிதர் வந்து "விடையைக் கொஞ்சம் மாத்தும்மா" என்றாலும் அன்று அப்பாவிடம் சொன்னதையேதான் இன்றும் இங்கிலீஷில் சொல்கிறாளாம்.

அக்கா, நான் போகாத கல்யாணமில்லை, இந்தக் கதையைச் சொல்லாத பந்தியில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்பீக்கர் கூடும். குரங்குகள் இப்போது கொல்லிமலையை விட்டுக் கேரளாவுக்கே போய்விட்டன. ஆனால் நீ வயலில் இறங்கும் இடம் வந்தால் மட்டும் என் வாய் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்க மறுக்கிறது. எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன்.

நீ நடந்தாய். மோட்டார் நின்றது. அதற்கு மேல் பெரிதாக்க எனக்கு எதுவும் அகப்படவில்லை.